கொடுவரியைத் தேடி

நுழையும்முன்

புலியைக் காணக் காட்டுக்குச் செல்பவர்களுள் பெரும்பாலோர் அதைக் காணாமலேயே திரும்புகின்றனர். ஆயினும், அக்காட்டில் இத்தனை புலிகள் உள்ளன என்று ஒரு கணக்குச் சொல்லப்படுகிறது. கண்ணில் படாத ஒன்றை எண்ணுவது எவ்வாறு? எண்ணிச் சொன்னதை நம்புவது எவ்வாறு? முதுமலையில் கழிந்த ஒரு காலைப்பொழுது இவ்வினாக்களை எழுப்பியது.

பொங்கல் விடுமுறை முடிந்த மறுவாரம் அது. மசினகுடியில் நாங்கள் தங்கியிருந்த விடுதியின் முற்றத்தில் காலை ஐந்தரை மணிக்கே மாணவர்கள் கூடிவிட்டனர். சமவெளியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் குளிர் புதிது. கம்பளிக் குல்லாயைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளங்கைகளை உரசியபடி நின்றனர். குளிர் அவர்களுடைய பேச்சைக் குறைக்கவில்லை. அன்று புலியைப் பார்ப்போமா, மாட்டோமா என்பதே பேச்சு. பார்த்தே தீருவோம் என்று பந்தயம் கட்டிய ஒருவன், தன் அண்ணனுடைய கேமராவைக் கழுத்தில் மாட்டியிருந்தான்.

மசினகுடியிலிருந்து தெப்பக்காடு ஏழு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நாங்கள் சென்று சேர்ந்தபோது மாயாற்றின் மேல் பனி படர்ந்திருந்தது. மைசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பந்திப்பூர்க் காட்டு வழியே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்கள் செல்லத் தடை உண்டு. தடைநேரம் முடிந்து சிறிது பொழுதே ஆகியிருந்தது. அதுவரை விலங்குகளுக்கு உரியதாக இருந்த சாலையில் முதல் லாரிகளின் விளக்கொளி தென்படத் தொடங்கியது.

முதுமலை 1940ஆம் ஆண்டிலேயே வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2007இல் அது புலிகள் காப்பகம் ஆயிற்று. காப்பகத்தின் உட்பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. வரைபடத்தில் இதைத் தனித்த காடாகப் பார்ப்பது தவறு. வடக்கே கருநாடகத்தின் பந்திப்பூர், மேற்கே கேரளத்தின் வயநாடு, கிழக்கே நம்முடைய சத்தியமங்கலம் எனக் காடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நீள்கின்றன. மாநில எல்லைக்கற்கள் நமக்கு உரியவை. புலிக்கு அவை வெறும் கற்கள். மேற்கில் மழை மிகுதி. கிழக்கே செல்லச்செல்ல மழை குறையும். ஆகவே, மேற்கில் உயர்ந்த மரங்களும் மூங்கிற்புதர்களுமாகத் தொடங்கும் காடு கிழக்கில் முட்புதர்க் காடாக முடிகிறது.

வனத்துறையின் வண்டி ஆறரை மணிக்குப் புறப்பட்டது. அன்று காட்டுக்குள் சென்ற முதல் வண்டி எங்களுடையது. வழிகாட்டியாக வந்தவர் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர். குறும்பர் இனத்தைச் சேர்ந்தவர். அந்தக் காட்டின் ஓரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். வண்டி கிளம்புவதற்கு முன் மாணவர்களை நோக்கி அவர் சொன்னது மிகச் சுருக்கமானது. "தம்பிகளே, அம்மாக்களே, வண்டியை விட்டு யாரும் இறங்கக் கூடாது. பேசக் கூடாது. புலியைக் கண்ணால் தேடாதீர்கள், காதால் தேடுங்கள்."

புலியைத் தேட அதிகாலையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. இரவெல்லாம் நடமாடிய புலி, வெயில் ஏறுவதற்கு முன் நிழலான இடத்தையோ நீர்நிலையையோ நாடும். அது நடந்து முடிப்பதும் நாம் நடமாடத் தொடங்குவதும் உரசிக்கொள்ளும் பொழுது விடியல்தான். நம் அகப்பொருள் இலக்கணம் குறிஞ்சியின் கருப்பொருளில் புலியையும், அத்திணைக்குரிய சிறுபொழுதாக நள்ளிரவாகிய யாமத்தையும் சொல்கிறது. அப்பொழுது காதலர் சந்திப்புக்காக வகுக்கப்பட்டது. ஆயினும் புலியின் நாளேட்டோடும் அது பொருந்திவிடுகிறது. தலைவன் வரும் வழியை நினைத்துத் தோழி ஏன் அத்தனை அஞ்சினாள் என்பது அந்த இருள் கலையாத காட்டில் எனக்கு நன்றாகவே விளங்கியது.

வண்டி மெல்ல ஊர்ந்தது. இருபுறமும் தேக்கும் மருதும் இலையுதிர்க்கத் தொடங்கியிருந்தன. ஒரு வளைவில் காவலர் கையை நீட்டி, "அதோ வேங்கை!" என்றார். இருபது தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அவர் சிரித்துக்கொண்டே, "வேங்கை மரம்" என்றார். ஏமாந்தவர்களுள் நானும் ஒருவன். தமிழில் மரத்துக்கும் விலங்குக்கும் ஒரே பெயர். குறுந்தொகையின் 47ஆம் பாடலில் நெடுவெண்ணிலவினார் என்னும் புலவர் இந்த மயக்கத்தையே ஒரு காட்சியாக்கியிருக்கிறார். நிலவொளியில், வேங்கைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும் பாறை, புலிக்குட்டியைப் போலத் தோன்றுகிறதாம். காட்டில் கண் நம்மை ஏமாற்றும் என்பதைச் சங்கப் புலவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம்முடைய கண் மட்டுமன்று; மானின் கண்ணும் ஏமாறுகிறது. நமக்குப் புலியின் செம்மஞ்சள் நிறம் பளிச்சென்று தெரிகிறது. மான் முதலிய குளம்புடைய விலங்குகளின் கண்களோ சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய மாட்டா. அவற்றுக்குப் புலியின் உடலும் சூழ்ந்திருக்கும் புல்லும் ஏறத்தாழ ஒரே நிறம். வரிகளோ புல்லின் நிழலோடு கலந்துவிடுகின்றன. அதனால்தான் காட்டு விலங்குகள் ஒன்றுக்கொன்று குரல் கொடுத்து வாழ்கின்றன. மரத்தின் மேல் மந்திகள் தழை தின்கின்றன. கீழே உதிரும் தழையைப் புள்ளிமான்கள் மேய்கின்றன. மந்திக்கு உயரம் உதவுகிறது. மானுக்கு மோப்பம் உதவுகிறது. யார் முதலில் அறிந்தாலும் இருவரும் பிழைக்கிறார்கள்.

அத்தகைய ஒரு கூட்டத்தை நாங்கள் கடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தக் குரல் எழுந்தது. மூங்கிற்புதருக்கு அப்பாலிருந்து ஒரு புள்ளிமான் கூர்மையாகக் கத்தியது. மீண்டும் ஒருமுறை. ஓட்டுநர் உடனே வண்டியின் இயக்கத்தை நிறுத்தினார். மேய்ந்துகொண்டிருந்த மான்கள் அனைத்தும் ஒரே திசையை நோக்கித் தலைநிமிர்ந்து நின்றன. வால்கள் உயர்ந்தன. ஒரு மான் முன்னங்காலால் தரையைத் தட்டியது. வண்டிக்குள் எவரும் மூச்சு விடவில்லை என்றே சொல்லலாம். கேமரா வைத்திருந்த மாணவனின் கை நடுங்குவதை நான் கவனித்தேன்.

காவலரின் முகத்தில் மட்டும் பரபரப்பு இல்லை. "கடமான் குரல் கொடுக்கட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றார். புள்ளிமான் எதற்கும் அஞ்சிக் கத்தும். அசையும் நிழலைக் கண்டும் கத்தும். கடமான் அப்படியன்று, பெரும்பாலும் தெளிவாகக் கண்ட பிறகே குரலெழுப்பும் என்பது காட்டில் பழகியவர்களின் அனுபவம். சாட்சிகளின் சொல்லை எடைபோடும் நீதிபதியைப்போல அவர் காத்திருந்தார். ஐந்து நிமிடம் கழிந்தது. கடமான் குரல் எழவில்லை. மாறாக, மெல்லிய சீழ்க்கை ஒலி கேட்டது. புதரை விலக்கிக்கொண்டு செந்நிற உடலும் கருத்த வாலும் கொண்ட மூன்று விலங்குகள் சாலையைக் கடந்து ஓடின.

"செந்நாய்" என்றார் காவலர். அவருடைய குரலில் மகிழ்ச்சி இருந்தது. செந்நாயும் அழிவின் விளிம்பிலுள்ள விலங்கு. அதைக் காண்பதும் அரிது. ஆயினும் மாணவர்களிடமிருந்து ஒரு பெருமூச்சுத்தான் எழுந்தது. புலியைக் காண வந்தவர்களுக்குப் புலி அல்லாத அனைத்தும் ஏமாற்றமாகிவிடுகிறது. புலி நிற்கும் இடத்தைக் கேள்வியுற்று வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுவதும், ஒரு விலங்கைச் சுற்றிப் பத்து வண்டிகள் வளைத்து நிற்பதும் நம் நாட்டின் பல காப்பகங்களில் நிகழ்பவை. அது காட்சியாக இருக்கலாம். அதனால் காட்டை அறிந்ததாகாது என்பது என் கருத்து.

இன்னும் சிறிது தொலைவு சென்றதும், பாதையோர மரமொன்றில் முழங்கால் உயரத்தில் ஒரு சிறு பெட்டி கட்டப்பட்டிருப்பதை மாணவி ஒருத்தி கண்டாள். எதிரே இருந்த மரத்திலும் அத்தகைய ஒரு பெட்டி இருந்தது. அவை தானியங்கிக் கேமராக்கள் என்று காவலர் விளக்கினார். முன்னால் வெப்பமுள்ள உடல் அசைந்தால் அவை தாமே படமெடுத்துக்கொள்ளும். ஒன்று போதாதா, ஏன் இரண்டு என்று அவள் கேட்டாள். புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் ஒன்றாக இரா. இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால்தான் அது எந்தப் புலி என்று அறுதியிட்டுச் சொல்ல முடியும் என்றார் அவர்.

புலிக்கு உழுவை, வேங்கை, கொடுவரி எனப் பல பெயர்கள் நம் மொழியில் உண்டு. அவற்றுள் கொடுவரி என்பது அன்மொழித்தொகை. வளைந்த வரிகளை உடையது என்று பொருள்படும். நம் விரல்ரேகையைப் போலவே, ஒரு புலியின் வரிகள் இன்னொரு புலிக்கு அமைவதில்லை. நம் முன்னோர் எதைக் கண்டு பெயரிட்டார்களோ அதுவே இன்று புலிகளை அடையாளம் காணும் அறிவியலுக்கு அடிப்படையாக இருக்கிறது.

மாணவி சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "ஐயா, ஒருவேளை இந்தக் காட்டில் புலியே இல்லையென்றால்? இருக்கிறது, இருக்கிறது என்று எல்லாரும் சும்மா சொல்லிக்கொண்டிருந்தால்?"

சிலர் சிரித்தனர். அது சிரிக்க வேண்டிய வினா அன்று. நம் நாட்டில் அப்படியே ஒன்று நடந்திருக்கிறது.

1972இல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் எடுத்த கணக்கின்படி இந்தியாவில் ஏறத்தாழ 1,800 புலிகளே எஞ்சியிருந்தன. 1973ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது காப்பகங்களுள், முதுமலையின் அண்டைக் காடான பந்திப்பூரும் ஒன்று. அக்காலத்தில் புலிகளைக் கணக்கிடக் காலடித் தடமே பயன்பட்டது. ஒடிசாவைச் சேர்ந்த வனஅதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி அம்முறையை வகுத்தார். தடத்தின்மேல் கண்ணாடித் தகட்டை வைத்து அதன் வடிவத்தை வரைந்துகொள்வர். ஒவ்வொரு புலிக்கும் தடம் வேறுபடும் என்று கொண்டு, வரைந்த தடங்களை ஒப்பிட்டுப் புலிகளை எண்ணுவர்.

குறைந்த செலவில் நாடு முழுவதும் செய்யக்கூடிய முறைதான். ஆனால், ஒரே புலியின் கால் ஈர மண்ணில் ஒரு வடிவத்தையும் புழுதியில் வேறொரு வடிவத்தையும் பதிக்கும். நின்றால் ஒன்று, விரைந்தால் வேறு. வரைபவரின் கையும் ஒன்றுபோல் இராது. எனவே, ஒரு புலி தாளில் இரண்டாகவும் மூன்றாகவும் பெருக இடமிருந்தது. எண்ணிக்கை குறைந்தால் மேலிடத்தின் வினாவுக்கு விடை சொல்ல வேண்டும், கூடினால் பாராட்டு. இத்தகைய சூழலில் கணக்கு எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இராசசுத்தான் மாநிலம் ஆல்வார் மாவட்டத்தில் உள்ளது சரிசுகா புலிகள் காப்பகம். அங்கே பதினைந்துக்கும் மேற்பட்ட புலிகள் இருப்பதாகக் கணக்கு இருந்தது. 2004ஆம் ஆண்டின் இறுதியில், காட்டில் புலியின் அடையாளமே தென்படவில்லை என்ற செய்தி கசிந்தது. 2005இல் இந்திய வனஉயிரின நிறுவனத்தார் அங்கே தேடினர். ஒரு புலிகூட இல்லை. தோலுக்காகவும் எலும்புக்காகவும் கள்ள வேட்டையாடிகள் அவற்றைக் கொன்று தீர்த்திருந்தனர். பதிவேட்டில் புலிகள் வாழ்ந்துகொண்டிருந்தன. காட்டில் அவை இல்லை.

வண்டியில் இப்போது சிரிப்பு இல்லை.

அந்த அதிர்ச்சியின் விளைவாகச் சுனிதா நாராயண் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் சட்டத்தின்வழி உருவாக்கப்பட்டது. கணக்கிடும் முறையும் மாறியது. காட்டில் கேமராவைப் பொருத்தி, விலங்கே இழுவிசையைத் தொட்டுத் தன்னைப் படமெடுத்துக்கொள்ளச் செய்யும் உத்தி புதியதன்று. எஃப். டபிள்யூ. சாம்பியன் என்னும் ஆங்கிலேய வனஅதிகாரி 1920களிலேயே வடஇந்தியக் காடுகளில் அவ்வாறு புலிகளைப் படமெடுத்தார். அப்படங்களைக் கொண்டு புலிகளை எண்ணும் முறையை 1990களில் கருநாடகத்தின் நாகரகொளெக் காட்டில் உல்லாசு காரந்த் வளர்த்தெடுத்தார். 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து கேமராவும் புள்ளியியலும் நாடு முழுவதற்குமான முறையாயின.

தெரிந்து தெளிவோம்

ஒரு குளத்தில் எத்தனை மீன்கள் உள்ளன என்பதை நீரை வடிக்காமல் அறிய முடியுமா? 20 மீன்களைப் பிடித்து அடையாளமிட்டுக் குளத்திலேயே விட்டுவிடுவோம். சில நாள் கழித்து மீண்டும் 20 மீன்களைப் பிடிப்போம். அவற்றுள் 5 மீன்களில் அடையாளம் இருந்தால், பிடித்தவற்றில் நான்கில் ஒரு பங்கு பழைய மீன்கள் என்றாகும். எனவே, முதலில் அடையாளமிட்ட 20 மீன்களும் குளத்து மீன்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மொத்த மீன்கள் ஏறத்தாழ 80. புலிக்கு நாம் அடையாளமிட வேண்டியதில்லை, வரிகளே அடையாளம். கேமராவில் பதிவதே பிடிபடுதல். ஒருமுறை பதிந்த புலிகளுள் எத்தனை மறுமுறையும் பதிகின்றன என்பதைக் கொண்டு, பதியாமலே நழுவிய புலிகளையும் சேர்த்து மதிப்பிடுகின்றனர்.

பழைய முறையில் 2002ஆம் ஆண்டுவாக்கில் சொல்லப்பட்ட எண்ணிக்கை 3,642. புதிய முறை 2006இல் தந்த மதிப்பீடு 1,411. இடையில் இறந்தவை எத்தனை, தொடக்கம் முதலே தாளில் மட்டும் வாழ்ந்தவை எத்தனை என்பதை இனி எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. பின்னர் 2018இல் 2,967 என்றும், 2022இல் 3,682 என்றும் மதிப்பீடு உயர்ந்தது. தமிழ்நாட்டில் 2006இல் 76ஆக இருந்த எண்ணிக்கை 2022இல் 306 ஆனது.

மாணவர்களுக்கு நான் சொன்ன எண்களுள் அவர்களை வாய்பிளக்க வைத்தது வேறொன்று. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடெங்கும் 26,838 இடங்களில் கேமராக்கள் பொருத்தப்பட்டன. அவற்றில் பதிந்த படங்கள் ஏறத்தாழ 3 கோடியே 48 இலட்சம். அவற்றுள் புலி இருந்த படங்கள் 76,651. ஏறத்தாழ 455 படங்களுக்கு ஒன்று. "இரவும் பகலும் தூங்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் கருவிக்கே அவ்வளவுதான் கிடைக்கிறது. நாம் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை" என்றேன். பந்தயம் கட்டியவன் தன் கேமராவை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

பாதையின் ஒரு பகுதியில் இருபுறமும் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு அடர்ந்திருந்தது. பூக்கள் அழகானவை, அழகுக்காகவே ஆங்கிலேயர் காலத்தில் அயல்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட செடி அது. இன்று முதுமலையின் பெரும்பரப்பை அது மூடியிருக்கிறது. அதன் அடியில் புல் வளர்வதில்லை. புல் இல்லையேல் மான் இல்லை. ஒரு புலிக்கு ஓராண்டில் மான் அளவுள்ள விலங்குகள் ஏறத்தாழ ஐம்பது இரையாக வேண்டும். துப்பாக்கி ஏந்தியவனை விரட்டிவிடலாம். இந்தச் செடியை விரட்டுவது எளிதன்று. வேரோடு பிடுங்கி, மீண்டும் முளைப்பதை ஆண்டுதோறும் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

"உங்களுக்குப் பயமாக இராதா, அண்ணா?" என்று ஒரு மாணவன் காவலரிடம் கேட்டான். "இருக்கும். பயம் இருந்தால்தான் காட்டில் நடக்க முடியும்" என்றார் அவர்.

அந்த விடைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 2021ஆம் ஆண்டில், டி-23 என்று எண்ணிடப்பட்ட வயது முதிர்ந்த ஆண்புலி ஒன்றின் பெயர் கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் அச்சத்தோடு சொல்லப்பட்டது. நான்கு மனித உயிர்களும் பல கால்நடைகளும் அதனால் மாண்டதாகக் கருதப்பட்டது. மாடு மேய்ப்பவர்களும் தோட்டத் தொழிலாளர்களும் வீட்டை விட்டு வெளியேற அஞ்சினர். புலியைக் கொன்றுவிட வேண்டும் என்று மக்கள் கேட்டனர். அவர்களுடைய இழப்பை நோக்கினால் அக்கேள்வியைக் குறைகூற முடியாது. உடனே கொல்ல முற்படாமல் உயிருடன் பிடிக்க முயல வேண்டும் என்றது சென்னை உயர்நீதிமன்றம். ஆளில்லா வானூர்திகள், கும்கி யானைகள், மோப்பநாய்கள் எனத் தேடல் மூன்று வாரம் நீடித்தது. கேமராக்களும் பொருத்தப்பட்டன. ஆயினும், அடர்ந்த உண்ணிப் புதர்களுக்குள் தடம் பார்த்து முன்னே நடந்தவர்கள் இந்தப் பகுதியின் பழங்குடியினரே. அக்டோபர் 15ஆம் நாள் மயக்க ஊசி செலுத்தி அப்புலி பிடிக்கப்பட்டது. மைசூருக்குக் கொண்டு செல்லப்பட்டுக் காயங்களுக்கு மருத்துவம் செய்யப்பட்டது. அன்று அந்தப் புதர்களுக்குள் கால்வைத்தவர்களின் ஊதியத்தையும் அவர்களுக்கிருந்த அறிவையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தால், நமக்குத் தலைகுனிவே மிஞ்சும்.

காட்டோரத்தில் குடியிருப்பவனுக்குப் புலி ஒரு காட்சிப்பொருள் அன்று. மாலையில் மாடு திரும்பி வருமா, மகள் பள்ளியிலிருந்து திரும்பி வருவாளா என்னும் கவலையோடு சேர்ந்தது அது. புலிகளின் எண்ணிக்கை உயர்ந்த செய்தியைச் சமவெளியில் நாம் கைதட்டி வரவேற்கும்போது, அந்த உயர்வின் பாரத்தைத் தோளில் தாங்குபவர்கள் வேறு ஊரில் இருக்கிறார்கள்.

வண்டி ஒரு நீர்நிலை வரை சென்று நின்றது. காட்டெருதுகள் இரண்டு நீரருந்திக்கொண்டிருந்தன. கரையோர மரமொன்றில், ஆளுயரத்துக்கும் மேலே, பட்டை கீறப்பட்டு உள்மரம் தெரிந்தது. தன் எல்லையை அறிவிக்கப் புலி நகத்தால் எழுதிவைத்த குறிப்பு அது என்றார் காவலர். கீறலில் பிசின் காய்ந்திருந்ததால் பழையது என்றும் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் இல்லை. வெயில் மரங்களுக்கிடையே இறங்கத் தொடங்கியது. வந்த வழியே திரும்பினோம். சிலர் கண்ணயர்ந்தனர்.

செந்நாய்களைக் கண்ட இடத்தைக் கடந்து சிறிது தொலைவில், "நிறுத்துங்கள்" என்று காவலர் மெல்லச் சொன்னார். தான் மட்டும் இறங்கி, பத்தடி நடந்து, தரையருகே குனிந்தார். பனியில் நனைந்த மண்ணில், ஒரு மணி நேரத்துக்கு முன் எங்கள் வண்டியின் சக்கரங்கள் பதித்த கோடுகள் தெளிவாக இருந்தன. அந்தக் கோட்டின் மேலேயே, அதை அழுத்திச் சிதைத்தபடி, நான்கு விரல்களும் அகன்ற உள்ளங்காலும் பதிந்த தடம் ஒன்று. அதற்கு முன்னால் இன்னொன்று. நகத்தின் குறி இல்லை. நாயின் தடத்தில் நகம் பதியும்; புலி நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும்.

"சக்கரத்தடத்துக்கு மேலே இருக்கிறது. நாம் போன பிறகு நடந்திருக்கிறது" என்றார் அவர். பின்னங்கால் தடம் சற்று நீண்டிருப்பதால் பெண்புலியாக இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றுதான் சொன்னார். நாங்கள் செந்நாய்களைப் பார்த்து ஏமாற்றமடைந்து, கணக்குகளைப் பேசிக்கொண்டு சென்ற பொழுதில், எங்களுக்குப் பின்னால் அது தன் வழியே சாலையில் நடந்து, வலப்புறப் புதருக்குள் இறங்கியிருந்தது. எங்களை அது பார்த்ததோ இல்லையோ, எங்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

இருபது பேரும் ஒரு பக்கச் சன்னல்களில் நெருங்கிக் குனிந்தனர். எவரும் கூச்சலிடவில்லை. பந்தயம் கட்டிய மாணவன் கேட்டதன் பேரில், காவலர் அளவு தெரிவதற்காகத் தன் பேனாவைத் தடத்தின் அருகில் வைத்தார். அவன் ஒரு படம் எடுத்தான். அன்று முழுவதும் அவன் எடுத்த முதற்படம் அதுதான்.

வினா எழுப்பிய மாணவியைப் பார்த்து, "இப்போது மணி என்ன, அம்மா?" என்று கேட்டார் காவலர். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஏழு முப்பத்தைந்து, அண்ணா" என்றாள். அவர் தம் கைப்பேசியில் இடத்தையும் நேரத்தையும் பதிவுசெய்தார். "தடம்" என்று மட்டும் குறித்தார். "புலி ஒன்று" என்று எண்ணிக்கை எழுதவில்லை. பேனாவை எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஏறி அமர்ந்தார். ஓட்டுநர் வண்டியைத் தடத்தின்மேல் ஏற்றாமல், இடப்புறமாக ஒதுக்கி மெல்ல ஓட்டினார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் காணப்படும் பறவை அல்லது விலங்கு ஒன்றை, அதை நேரில் காணாமல் ஒலி, தடம், எச்சம் முதலிய அடையாளங்களால் அறியும் முறையை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்து எழுதுக.

2. ஒரு பையில் எண்ணாமல் போட்ட புளியங்கொட்டைகளைக் கொண்டு, 'தெரிந்து தெளிவோம்' பகுதியில் கூறப்பட்ட முறையை வகுப்பில் செய்து பார்க்க. பின்னர்க் கொட்டைகளை எண்ணி, மதிப்பீட்டுக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிப்பிடுக.

3. காவலர் தம் பதிவில் 'தடம்' என்று மட்டும் எழுதி, 'புலி ஒன்று' என எழுதாமைக்குக் காரணம் யாதாக இருக்கும்? கலந்துரையாடுக.